மணந்து பார்க்கிற மனிசன்

சம்பளத்துக்கு வந்த மனிதர், வந்த முதல் நாளே என்னை வாயைத் திறந்து ஊதச் சொன்னார். என்னை. இதை எங்கள் பகுதியில் சொன்னால் நம்பமாட்டார்கள். என் முன்னால் குரலை உயர்த்திக் கதைக்கிற ஆட்கள் குறைவு. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மருதனார்மடச் சந்தைக்குச் சைக்கிள் கரியரில் வெங்காயமும் மரவள்ளிக் கிழங்கும் கட்டி இழுத்தேன். அந்தக் காசில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கி, அதை விற்று ஓட்டை வான் ஒன்று வாங்கி, அந்த வானை விற்காமலே பஸ் வாங்கினேன். இன்றைக்கு யாழ்ப்பாணத்துக்கும் கீரிமலைக்கும் இடையில் எந்தச் சந்தியிலும் நின்று பாருங்கள், என் தாயின் பெயர் எழுதின பஸ் ஒன்று உங்களைக் கடந்து போகும். ஒருவரிடமும் கைநீட்டாமல் வந்தவன் நான். அப்படிப்பட்ட என்னைத்தான் அவர் ஊதச் சொன்னார்.

அன்று மத்தியானம் ஒரு கலியாண வீட்டுச் சாப்பாடு முடித்து வந்திருந்தேன். உரும்பிராயிலிருந்து ஒரு சாரதி வருகிறார், கையும் சுத்தம் வாயும் சுத்தம் என்று சொல்லியிருந்தார்கள். அவருக்குக் கொடுக்க இருந்த பஸ்ஸின் கியர் கொஞ்சம் குணம் பிடித்தது. அதை நானே ஓடிக் காட்டுவோம் என்று சாரதி ஆசனத்தில் ஏறி இருந்தேன். மனிசன் மிதிபலகையில் கால் வைத்தபடி நின்றார், ஏறவில்லை.

“முதலாளி, குறை நினையாதையுங்கோ. ஒருக்கா ஊதிக் காட்டுங்கோ.”

“ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

கோபத்தில் அவருடைய முகத்திலேயே ஊதினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சந்தையில் மாம்பழம் பார்க்கிறவரைப் போல ஆறுதலாக மணந்து பார்த்தார்.

“பனங்கள்ளு. புளிச்சது. நீங்கள் அங்காலை இருங்கோ, நான் ஓடுறன்.”

“உது குடியே காணும்? உது கள்ளு.”

“பஸ்ஸுக்கு அது விளங்காது, முதலாளி.”

நான் எழும்பி அங்கால் இருந்தேன். ஆளை எடை போடுவதற்கு எனக்குப் படிப்புத் தேவைப்பட்டதில்லை. தெல்லிப்பழை போய்த் திரும்பி வருவதற்குள் அவருக்கென்று நினைத்திருந்த சம்பளத்தைக் கூட்டிச் சொன்னேன்.

வெளியூர்க்காரருக்கு இதில் ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் குடி என்றால் சாராயம். கள்ளுத் தவறணையிலிருந்து எழும்பி வருகிறவனை “குடிச்சனியோ” என்று கேட்டால், கோயில் வாசலில் நின்றுகூட “இல்லை” என்று சத்தியம் பண்ணுவான். அவனுக்கு அது பொய் இல்லை. கள்ளு வெக்கைக்கு நல்லது, வயிற்றுக்கு நல்லது, பனை தந்த சாப்பாடு. இப்படிப்பட்ட ஊரில் கேள்வி கேட்டு ஒரு சாரதியைப் பிடிக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவர் எவரிடமும் எதையும் கேட்பதில்லை. “ஊது” என்பார். அவ்வளவுதான்.

பஸ் நிலையத்தில் அவருக்கு ஊதண்ணை என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருடைய மகள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறாள்.

காலமை பஸ் எடுப்பதற்கு முன்னர் கொண்டக்டரும், கழுவுகிற ஆளும், பதில் சாரதியும் அவர் முன்னால் நிற்க வேண்டும். நான் போட்ட சட்டம் இல்லை அது, அவர் போட்டது. ஊதச் சொல்லுவார். பிறகு, “இப்ப ஹா எண்டு சொல்லு” என்பார். கராம்பு சப்பிக்கொண்டு வந்தால் துப்பச் சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் இருத்தி வைப்பார். கழுவுகிறவன் ஒருநாள் பச்சை வெங்காயத்தோடு பழஞ்சோறு தின்றுவிட்டு வந்தான். “எதை மறைக்க வெங்காயம் திண்டனி?” என்று கேட்டு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவன் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னான்: “முதலாளி, பசிக்குத் திண்டனான்.” நான் சிரித்துவிட்டு ஒருநாள் சம்பளத்தைக் கொடுத்தேன். ஆனால் சட்டத்தை மாற்றவில்லை. அந்த நாட்களில் எங்கள் பாதையில் மற்ற முதலாளிமாரின் பஸ்கள் மதிலோடும் மாட்டோடும் மோதிக்கொண்டு கிடந்தன. என் பஸ்ஸில் ஒரு கீறல் இல்லை.

பொலிஸ்காரர் பலூனோடு நிற்கிற இடத்தில் மற்றச் சாரதிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். இவர் வேகத்தைக் குறைத்து, கையை வெளியே நீட்டி, “தாங்கோ ஐயா, நானும் ஊதுறன்” என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டு போகச் சொன்னாலும் போகமாட்டார். பஸ்ஸுக்குள் சனம் முணுமுணுக்கும். ஊதி, அந்தக் கருவியைத் தானும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கியரில் கை வைப்பார்.

“பிழை எண்டால் மணக்கும், முதலாளி” என்று என்னிடம் அடிக்கடி சொல்லுவார். “மணக்காத பிழை உலகத்திலை இல்லை.”

அதைக் கேட்டு நானும் தலையாட்டினவன்தான்.

அந்த மூக்கும் பிழைவிட்டது. எங்களுடைய பதில் சாரதி, சுன்னாகத்து ஆள், ஒருநாள் வந்து நின்றபோது அவனுடைய வாயில் அழுகின அன்னாசி மாதிரி ஒரு மணம். “என்ன புதுச் சாமான்?” என்று கேட்டார். “நான் ஒண்டும் எடுக்கேல்லை அண்ணை, எனக்குத் தலை சுத்துது” என்றான் அவன். “சுத்தாமல் என்ன செய்யும்” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அவன் சந்தி தாண்டுவதற்குள் விழுந்துவிட்டான். ஆசுப்பத்திரியில் பார்த்தால் சீனி வருத்தம், உச்சத்தில் ஏறியிருக்கிறது. மனிசன் பின்னேரம் ஒரு பை தோடம்பழத்தோடு போய்க் கட்டிலடியில் நின்றார். அவனுடைய பெண்சாதி பையை வாங்கிப் பார்த்துவிட்டு, “சீனிக்காரனுக்குத் தோடம்பழமோ? மிச்சத்தையும் முடிக்க வந்தனீங்களோ அண்ணை?” என்றாள். அவர் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்.

அவன் சுகமாகி வேலைக்கு வந்த அன்று, முதல் ஆளாக அவனையே ஊதச் சொன்னார். நான் ஏசினேன்.

“மூக்கு ஒருநாள் பிழைக்கும் முதலாளி. அதுக்காக மூக்கை வீட்டிலை வைச்சிட்டு வரேலுமோ?”

இனிக் கொண்டக்டர் பொடியனைச் சொல்ல வேண்டும். அவன் வந்தபோது எல்லோருக்கும் பிடித்துப்போனது. கிழவிகளைக் கைபிடித்து ஏற்றுவான், மிச்சக் காசை மறக்கமாட்டான், பெரிய வாகன லைசனும் எடுத்து வைத்திருந்தான். சாராயம் இல்லை, கள்ளு இல்லை, சிகரெட் இல்லை, வெற்றிலை கூட இல்லை. ஊதண்ணை அவனை இரண்டு வருடம் நாள் தவறாமல் மணந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் ஒரே மகளை அவனுக்குப் பேசினார்.

“சாதகம் பொருந்திச்சோ?” என்று தேத்தண்ணிக் கடையில் யாரோ கேட்டார்கள்.

“அது ஐயர் பாத்தவர். நான் பாக்கவேண்டியதை நான் பாத்திட்டன்.”

“பெட்டை மணக்க முந்தி மாமன் மணந்து பாத்திட்டார்” என்று ஒருத்தன் சொல்ல, பஸ் நிலையமே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆவணியில் கலியாணம் என்று முடிவாகியது. அதற்குப் பிறகு பொடியன் அவரை மாமா என்று கூப்பிடத் தொடங்கினான்.

சித்திரை கழிய, பொடியனில் எனக்கு ஒன்று உறுத்தத் தொடங்கியது. கன்னம் உள்ளே போய்விட்டது. போட்டிருந்த சேட்டு அவனில் தொளதொளத்துத் தொங்கியது. வெறும் வாயை எந்நேரமும் அரைத்துக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்று முடிந்து எல்லோரும் களைத்துப்போய் நிற்கும்போது, அவன் மட்டும் துணியை எடுத்து ஒரே கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைப்பான். நித்திரை கொள்வதாகவே தெரியவில்லை. “என்ன சுறுசுறுப்பான பிள்ளை” என்று சனம் புகழ்ந்தது. முழங்கையில் சொறிந்து சொறிந்து புண் இருந்தது.

தெல்லிப்பழையில் ஒருநாள், பஸ் போய்க்கொண்டிருக்கும்போது மணியை மூன்று தரம் அடித்து நிற்பாட்டினான். பின்னால் திரும்பி, “ஆர் உதிலை நிக்கிறது? இறங்கு” என்று கத்தினான். பின் ஆசனத்தில் ஒருவரும் இல்லை. சனம் பகிடி என்று சிரித்தது. நான் அன்று முன்னால் இருந்தேன். ஊதண்ணை கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கீரிமலையில் இறங்கினதும் அவனை ஒதுக்கமாகக் கூப்பிட்டு ஊதச் சொன்னார். பொடியன் ஊதினான். அவர் கண்ணை மூடி நெடுநேரம் நின்றார்.

“என்ன காணும்?” என்று கேட்டேன்.

“ஒண்டும் இல்லை முதலாளி. பால்குடிப் பிள்ளையின்ரை வாய் மாதிரி.”

“பொடியன் மெலியிறான்.”

“கலியாணக் களை.”

அவர் சொன்னபிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் அவனை ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஊதவைத்தார். அவனும் சிரித்துக்கொண்டே ஊதினான். எத்தனை தரம் கேட்டாலும் ஊதினான்.

ஆடி அமாவாசை வருகிறது, தகப்பனை இழந்தவர்கள் எல்லாம் கீரிமலைக்கு வருவார்கள், பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நாளுக்கு முன்னால் எல்லாச் சாரதிகளையும் சோதிக்க வேண்டும் என்று எங்கள் முதலாளிமார் சங்கம் தீர்மானித்தது. பலூன் போதாது, சலம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். சலம் என்றால் எங்கள் பக்கத்தில் மூத்திரம். ஒரு தாதி வருவாள், கோப்பையில் எடுத்துக் கொடுக்க வேண்டும், சின்ன அட்டை ஒன்றைத் தோய்த்துப் பார்ப்பாள். சாரதிகள் முதலில், கொண்டக்டர்மார் அடுத்த கிழமை.

பஸ் நிலையத்தில் வாய்க்கு வந்தபடி கதை பரவியது. அந்தக் கோப்பைக்கு ஒன்றும் ஒளிக்க ஏலாதாம். போன மாதம் குடித்த இருமல் பாணியைக் கூடக் காட்டுமாம். சீனி வருத்தத்துக்குப் போடுகிற குளிசையையும் காட்டுமாம். பனடோல் போட்டவனுக்கும் லைசன் போகுமாம்.

ஊதண்ணைக்கு நாரிப்பிடிப்பு. ஆசனத்தில் இருந்து இருந்து இடுப்பில் வந்தது. நாட்டு வைத்தியர் ஒருவர் கொடுத்த அரிட்டத்தை இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூடி குடிப்பார். அரிட்டத்தில் வெறி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், மணந்து பார்த்தவர்தானே. அதைப் பெண்சாதியைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை. ஊரையெல்லாம் ஊதவைத்த மனிசனுடைய கோப்பையில் வெறி என்று வந்தால் எப்படி இருக்கும். அவர் பயந்தது சம்பளத்துக்கு இல்லை. அந்தச் சிரிப்புக்கு.

இதையும் இதற்குப் பிறகு நடந்ததையும் அவரே எனக்குப் பின்னர் சொன்னார். சோதனை அன்று காலமை, பஸ் கொட்டிலின் பின்பக்கம், பொடியனிடம் ஒரு சின்ன இருமல் பாணிப் போத்தலை நீட்டியிருக்கிறார்.

“மருமோன், உன்ரை சலம் கொஞ்சம் இதுக்குள்ளை விட்டுத் தா. என்ரை அரிட்டத்தாலை பழுது.”

பொடியன் போத்தலை வாங்கவில்லை. “என்ரை சரிவராது மாமா.”

“ஏன், நீயும் நாரிக்கு அரிட்டம் குடிக்கிறனியோ?”

“இல்லை.”

“பேந்தென்ன வெக்கம்? மாமனுக்குத்தானே.”

பொடியன் அவரைப் பார்த்தபடி நின்றான். வாய் மட்டும் அரைத்துக்கொண்டிருந்தது. பிறகு வாங்கிக்கொண்டு போனான்.

சங்கக் கட்டிடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். சாரதிகள் தண்ணீர்ப் போத்தலோடு இருந்து ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்தார்கள். “வருகுதில்லையடா, ஒரு பாட்டுப் பாடு” என்றான் ஒருவன். முதலில் போனவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு ஒருவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். அவன் வெளியே வந்தபோது யாரையும் பார்க்கவில்லை. அதன்பிறகு பகிடி நின்றுவிட்டது. எங்கள் சுன்னாகத்துப் பதில் சாரதி, சீனிக் குளிசை காட்டிக்கொடுக்கும் என்ற பயத்தில், பின்மதிலால் ஏறிக் குதித்துப் போய்விட்டான். பாவம், அவனில் ஒன்றும் இல்லை.

ஊதண்ணை கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். போத்தலை வயிற்றோடு செருகி வைத்திருந்தபடியால் அது இளஞ்சூடாக இருந்தது. தாதி தொட்டுப் பார்த்துவிட்டு அட்டையைத் தோய்த்தாள். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன், என்னுடைய சாரதிதானே, மற்ற முதலாளிமார் பார்க்கட்டும் என்று.

தாதி சின்னப் பிள்ளை. அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திரும்ப அட்டையைப் பார்த்தாள்.

“ஐயா, ரெண்டு கோடு வந்தால் நல்லம். இதிலை ஒரு கோடுதான் வந்திருக்கு. ஏதும் மருந்து எடுக்கிறனீங்களோ?”

“அரிட்டம், மிஸ்ஸி” என்றார் மெதுவாக.

“அரிட்டத்துக்கு இந்த அட்டை ஒண்டும் செய்யாது. இது ஐஸ்.”

பின்னால் நின்ற கிழட்டுச் சாரதி ஒருவர், “ஐஸ்கிறீமோ?” என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அது பொடியள் புகைக்கிற தூள் என்று எங்களுக்கெல்லாம் தெரியும், பார்த்ததில்லை.

ஊதண்ணையின் முகத்தில் எதுவும் அசையவில்லை. அவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார்.

“மிஸ்ஸி, உது மணக்குமோ?”

“எது ஐயா?”

“உந்தச் சாமான். எடுத்தவன்ரை வாய் மணக்குமோ?”

“வாய் மணக்காது, ஐயா.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்த மனிசனைத் தெரியாதவர் ஆர் இந்தப் பாதையில்? “அட்டை பழுது” என்றேன். “இன்னொரு கோப்பை குடுங்கோ பிள்ளை, என் முன்னாலேயே எடுப்பார்.” தாதி உடனே புதுக் கோப்பையை நீட்டினாள். சங்கத் தலைவரும் தலையாட்டினார்.

ஊதண்ணை கோப்பையைத் தொடவில்லை.

“வேண்டாம் முதலாளி. அது என்ரைதான்.”

கேட்காதவர்களிடமும் போய் ஊதிக் காட்டின மனிசன், முதல் தரமாக ஒரு சோதனை வேண்டாம் என்றார். எல்லோரும் அதைக் கண்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அது அட்டையை விடப் பெரிய சாட்சி. தலைவர் அவருடைய பெயருக்கு நேரே எழுதினார், ஆசுப்பத்திரி சொல்லும்வரை பஸ்ஸில் ஏறக்கூடாது என்றார்.

அடுத்த நாள் ஆடி அமாவாசை. என் பஸ்ஸுக்கு ஆள் இல்லை, பதில் சாரதி மதிலுக்கு அங்கால். சங்கக் கட்டிட வாசலில் பொடியன் நின்றான்.

“நாளைக்கு நீ ஓடு” என்றேன்.

“ஓடுறன் முதலாளி. எத்தினை சுற்றெண்டாலும் ஓடுறன்.” அவனுடைய கண் இரண்டும் கண்ணாடிக் குண்டு மாதிரி மின்னின.

ஊதண்ணை அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

விடிய நான் மருதனார்மடத்துக்கு வந்தபோது பஸ் நிரம்பி வழிந்தது. எல்லாம் விரதக்காரர். மடியில் எள்ளும் வாழையிலையும் தர்ப்பையும் வைத்துக்கொண்டு கிழடுகட்டைகள். சாரதி ஆசனத்தில் பொடியன். பக்கத்து முன் ஆசனத்தில் ஊதண்ணையின் பெண்சாதியும் மகளும். கட்டப்போகிறவன் ஓடுகிற பஸ், மகள் புதுப் பாவாடை தாவணியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். பொடியன் எஞ்சினை உறுமவிட்டான், விட்டான், திரும்ப உறுமவிட்டான்.

ஊதண்ணை வேட்டியும் சால்வையுமாக வந்தார். அவருக்கும் தகப்பன் இல்லை, தர்ப்பணம் செய்யப் போகவேண்டிய ஆள்தான்.

“ஏறுங்கோ மாமா, இடம் வைச்சிருக்கிறன்.”

அவர் பொடியனைப் பார்க்கவில்லை. முன் வாசலுக்கு வந்து மகளைப் பார்த்தார்.

“இறங்கு பிள்ளை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு இறங்கு.”

“ஏனப்பா?”

“இறங்கெண்டால் இறங்கு.”

தாயும் மகளும் இறங்கினார்கள். அவர் அவர்கள் இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடக்கப் பார்த்தார். அவ்வளவோடு போயிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். மகளின் கலியாணம் ஒரு பக்கம், தன் பெயர் ஒரு பக்கம். தன் பெயரை முதல் நாளே கொடுத்துவிட்டார். முன் ஆசனத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கிழவி ஜன்னலால் தலையை நீட்டினாள்.

“எட தம்பி, உன்ரை பிள்ளையை இறக்கிப்போட்டு எங்களை ஏத்தி அனுப்புறியோ? பஸ்ஸிலை என்ன கிடக்கு?”

கிழவி பகிடியாகத்தான் கேட்டாள். மனிசன் நின்றுவிட்டார். மகளின் கையை விட்டார். சாரதிப் பக்கத்து ஜன்னலுக்குப் போய், கையை உள்ளே விட்டு, திறப்பைத் திருகி எடுத்தார். எஞ்சின் நின்றது. சுற்றி வந்து என் கையில் திறப்பை வைத்தார்.

“முதலாளி, நேற்றைக்குக் கோப்பைக்குள்ளை கிடந்தது இவன்ரை சலம்.”

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எஞ்சின் நின்ற அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. மகளுக்கும் கேட்டது. நான் பொடியனைப் பார்த்தேன். அவன் மறுக்கவில்லை. மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு ரொபியை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டு, சந்தைக்குள்ளால் நடந்து போனான். ஓடவில்லை. ஒருவரும் அவனை மறிக்கவில்லை. நான் விரதத்தில் நின்றேன், வாயில் பச்சைத் தண்ணீர் பட்டிருக்கவில்லை. நானே ஏறி அந்தச் சனத்தைக் கீரிமலைக்குக் கொண்டுபோய் இறக்கினேன். என் வயதில் எங்கள் சங்கத்தில் வேறு ஒருவனால் அது முடிந்திருக்காது.

பின்னேரம் இருவருமாகத் தலைவரிடம் போனோம். ஊதண்ணை தாதிக்கு முன்னால் தன் சொந்தச் சலத்தைக் கொடுத்தார். அட்டையில் இரண்டு கோடு. தலைவர் அட்டையை மேசையில் தள்ளி வைத்தார்.

“அண்ணை, ஐஸ் எண்டு வந்திருந்தால் சுகமாக்கித் திரும்ப எடுக்கலாம். மாத்திக் குடுத்தவரை எடுக்க ஏலாது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட சட்டம் அது.”

நான் மேசையில் அடித்துக் கதைத்தேன். ஆனால் அந்தச் சட்டத்துக்குக் கையுயர்த்தினவர்களில் நானும் ஒருவன். அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டால் சோதனையே வீண் என்று எனக்கும் தெரியும்.

“அப்ப பொடியன்?” என்று ஊதண்ணை கேட்டார்.

“அவன் என்ன? அவனை நாங்கள் சோதிக்கேல்லையே. கோப்பை உங்கடை பேரிலை அல்லோ.”

அடுத்த கிழமை கொண்டக்டர்மாருக்குச் சோதனை வந்தபோது பொடியன் ஊரில் இல்லை. கலியாணம் நின்றது. மகள் தகப்பனோடு கதைப்பதை நிற்பாட்டினாள். அவன் தூள் எடுக்கிறவன் என்பது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தன்னை இறக்கிவிட்டு மற்றவர்களைப் போகவிட நினைத்த அந்த ஒரு நிமிடமும் படவில்லை. அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கடைகளில் கதை வேறு மாதிரி ஓடியது. ஊதண்ணை தூள் அடிச்சவராம், மருமகனில் பழியைப் போட்டவராம். ஊரையெல்லாம் ஊதவைத்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல ஊருக்கு விருப்பமாக இருந்தது.

அவருக்கு என் கொட்டிலில் வேறு வேலை கொடுத்தேன். வரவில்லை. காலமையில் பஸ் நிலையத்துக்கு வந்து, நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸின் சாரதி ஆசனத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டு நடப்பார். வன்னியால் வருகிறவர்கள், கொழும்பால் வருகிறவர்கள், எல்லோரிடமும் அதே கேள்வி. “இப்பிடி ஒரு மெலிஞ்ச பொடியன் எங்கையும் ஓடுறானோ?” அவருக்கு விசர் பிடித்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினார்கள்.

“விடும் காணும்” என்று நான் ஒருநாள் சொன்னேன். “போனவன் போகட்டும்.”

“அவன்ரை பேரிலை ஒரு இடத்திலையும் ஒண்டும் எழுதுப்படேல்லை முதலாளி. லைசன் கிடக்கு. வாய் மணக்காது. ஆர் அவனை மறிக்கிறது?”

மார்கழியில் நெஞ்சு நோவென்று ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. செத்த வீட்டுக்கு என் பஸ்கள் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டுப் போனேன். மகள் தலைமாட்டில் இருந்தாள், அழவில்லை.

போன மாதம் கண் காட்டுவதற்குக் கொழும்புக்குப் போகவேண்டி வந்தது. பொழுதுபடுகிற நேரம், பெரிய சொகுசு பஸ், சாய்மனைக் கதிரை மாதிரி ஆசனங்கள். உள்ளே சனம் நிரம்பிவிட்டது. கைக்குழந்தைக்காரர், படிக்கப் போகிற பிள்ளைகள், விமானத்துக்குப் போகிற ஒரு குடும்பம். நான் கடைசி ஆளாக மிதிபலகையில் கால் வைத்தேன்.

“முதலாளி, சுகமோ? முன்னுக்கு இருங்கோ.”

சாரதி ஆசனத்திலிருந்து அவன் சிரித்தான். இஸ்திரி போட்ட நீலச் சேட்டு. மணிக்கட்டுவரை கை மூடியிருந்தது. வாய் அரைத்துக்கொண்டிருந்தது.

 கைபிடியைப் பிடித்தபடி கேட்டேன்.

“இஞ்சை சோதினை செய்யிறவையோ?”

“ஓம் முதலாளி, இறுக்கம். போன கிழமையும் எடுத்தவை. ரெண்டு கோடு.” அவன் கதவை மூடுகிற பொத்தானில் விரலை வைத்தான். “ஏறுங்கோ, நேரம் போகுது.”

நான் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றேன். கதவு வந்து என் தோளில் இடித்துத் திரும்பிப் போனது. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சந்தையில் விலை கூவின குரல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசி ஆசனத்துக்கும் கேட்கட்டும் என்று கேட்டேன்.

“ஆரின்ரை சலமடா தம்பி குடுத்தனி?”